கிடை ஆடு மண்ணுக்கு நல்லது, நின்று மேயும் ஆடு?

[காட்சி: சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் நஞ்சை, நடுவே செம்மறிக் கூட்டம்]

உளுந்து பிடுங்கியாச்சு. மேட்டூர் திறக்க ஜூன் 12 ஆகும், அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால். இந்த இடைவெளியில்தான் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள், அதாவது ஊர் ஊராக ஆடு மேய்ப்பவர்கள், காவிரி டெல்டாவுக்கு ஆடு ஓட்டி வருகிறார்கள். பகலில் அறுவடைத் தாளும் வரப்புப் புல்லும் மேய்ச்சல். ராத்திரி ஒரு வயலில் கிடை: எருவுக்காக ஆடுகளைப் பட்டி போட்டு அங்கேயே அடைப்பது. பிறகு பட்டியைப் பெயர்த்துப் பக்கத்தில் போடுவார்கள்.

'ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம்' என்பது சும்மா சொன்னதில்லை. புழுக்கையில் தழைச்சத்து கூடுதல், மட்குவதும் சீக்கிரம். மூத்திரத்தில் இருக்கும் யூரியா அதைவிட வேகம். ஆனால் வெயிலில் அதில் ஒரு பங்கு அம்மோனியாவாகப் பறந்துவிடும். கிடை எழுந்ததும் மேலாக ஒரு சால் உழுதுவிடுகிற விவசாயிதான் கிடைக்குக் கொடுத்த காசுக்குப் பலன் எடுக்கிறார்.

சரி, அதே ஆடுகள் மாதக்கணக்கில் ஒரே புறம்போக்கில் நின்றால்?

[நெருக்கக் காட்சி: புல் தூரைப் பிடுங்கி, வேரை விரலால் அளக்கும் கை]

புல்லின் குருத்து தரையை ஒட்டி இருக்கிறது. அதனால் ஒரு தடவை கடித்தால் பக்கத்தில் இன்னும் தூர் கட்டும். துளிர்க்கத் துளிர்க்கக் கடித்தால்தான் ஆபத்து. வேரை வளர்க்கச் சத்து மிஞ்சாது. பாருங்கள், வேர் ஒரு விரற்கடைகூட இல்லை. ஒரு மழை தப்பினால் இந்தத் தூர் காலி. அந்த இடத்தை எருக்கும் ஆடுதின்னாப்பாளையும் பிடித்துக்கொள்ளும்.

ஈரக் களிமண்ணில் குளம்பு பட்டால் தரை இறுகும், மழைநீர் உள்ளே இறங்காமல் மேலோடே ஓடும். வேதாரண்யம் பக்கம் இன்னொரு தொல்லை: புல் போன தரையில் அடியிலுள்ள உப்புநீர் மேலேறிக் காய்ந்து உப்புப் பூக்கும்.

[காட்சி: கோடியக்கரைப் புல்வெளியில் வெளிமான்கள்]

வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். 1967-இல் இங்கே சரணாலயம் வந்தது அந்த மானுக்காகத்தான். ஆனால் சீமைக் கருவேலங்காய் இனிப்பு. மாடும் குதிரையும் அதைத் தின்கின்றன, விதை சாணியோடு விழுந்து முளைத்துப் புல்வெளியை மூடுகிறது. இனி மேய்ச்சலை நிறுத்தினால் மட்டும் போதாது. முளைத்த கன்றை வேரோடு பிடுங்கவும் ஆள் வேண்டும்.

ஆட்டின் எண்ணிக்கையை மட்டும் பேசுவது பாதிக் கணக்கு என்பேன். எத்தனை நாள் ஒரே இடத்தில் நிற்கிறது என்பதையும் கேட்க வேண்டும். ஊர்ப் புறம்போக்கை மூன்று நான்கு துண்டாகப் பிரித்து, ஐப்பசி மழைக்குப் பின் ஒரு துண்டையாவது புல் விதை உதிர்க்கும்வரை விட்டுவைக்கலாம். அடுத்த வருஷம் வேறு துண்டு.