1806இல் ஆற்காட்டிலிருந்து குதிரை வந்துவிட்டது, கதவுதான் திறக்கவில்லை: சிறுநகரத்து ஆம்புலன்ஸின் கடைசி அரைக் கிலோமீட்டர்

[காட்சி: வேலூர்க் கோட்டை அகழி, அதிகாலை]

1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், விடியலுக்கு முன்பே, இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழ, வேலூர்க் கோட்டைக்குள் துப்பாக்கிச் சத்தம் எழுந்துவிட்டது. கோட்டைக்கு வெளியே இருந்த ஓர் ஆங்கிலேய அதிகாரி ஆற்காட்டுக்குச் சென்று செய்தி சொன்னார். அங்கிருந்த ஆங்கிலேயப் படைத்தலைவர் கில்லெஸ்பி கால் மணி நேரத்துக்குள் புறப்பட்டு, 16 மைல் தொலைவை, அதாவது ஏறக்குறைய 26 கிலோமீட்டரை, இரண்டு மணி நேரத்தில் கடந்து கோட்டைக்கு வந்து சேர்ந்தார். வந்தவரால் உடனே உள்ளே போக முடிந்ததா என்றால், முடியவில்லை. கதவு மூடியிருந்தது.

வணக்கம். இது வரலாற்று வீடியோ அன்று. உங்கள் ஊரில் ஒருவர் சாலையில் அடிபட்டு விழுந்தால் அவரிடம் உதவி எப்படி வந்து சேர்கிறது, எங்கே சிக்கிக்கொள்கிறது என்பதைப் பற்றியது. ஆனாலும் அந்தக் குதிரைப் பயணத்தை இன்னும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வட ஆற்காட்டு மண்ணில் எனக்குக் கிடைக்கவில்லை. கில்லெஸ்பியை நாயகனாகக் காட்டுவது நோக்கம் இல்லை. அன்று கோட்டைக்குள் நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கான நினைவுத்தூண் மக்கான் சந்திப்பில் நிற்கிறது. நம் மரியாதை அந்தத் தூணுக்கே. நமக்கு இங்கே வேண்டியது நேரக் கணக்கு மட்டும்.

அந்தக் காலையை நான்கு துண்டுகளாக வெட்டிப் பாருங்கள். செய்தி போய்ச் சேர்ந்த நேரம் ஒன்று, புறப்படுவதற்கான நேரம் ஒன்று, பயண நேரம் ஒன்று, வாசலில் நின்ற நேரம் ஒன்று. புறப்படுவதற்குக் கால் மணி நேரமே ஆனது. பயணம் அந்தக் காலத்துக்கு வியக்கத்தக்க வேகம். நேரம் கரைந்ததெல்லாம் முதல் துண்டிலும் கடைசித் துண்டிலும்தான். கில்லெஸ்பி கயிறு பிடித்து மதிலேறி உள்ளே போனார். ஆனால் கதவைத் தகர்க்க வேண்டிய பீரங்கிகள் பின்னால் வந்துகொண்டிருந்ததால், கூட வந்த படை அவற்றுக்காகக் காத்துக் கிடந்தது. இருபத்தாறு கிலோமீட்டரை ஓடிக் கடந்தவர்களைக் கடைசிச் சில அடிகள் நிறுத்திவிட்டன.

இப்போது குதிரை இருந்த இடத்தில் 108 ஆம்புலன்ஸை வைத்துப் பாருங்கள். எந்த விபத்துக்குப் பிறகும் நாம் சொல்லும் குறை, "வண்டி வேகமாக வரவில்லை" என்பதே. வண்டியின் வேகம் பெரும்பாலும் குற்றவாளி இல்லை என்பதுதான் இந்த வீடியோவின் வாதம்.

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 108 சேவை 2008ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கியது. காவல் துறைக்கு 100, தீயணைப்புத் துறைக்கு 101, எல்லாவற்றுக்கும் பொதுவாக 112, தேசிய நெடுஞ்சாலைக்கு மட்டும் 1033. அவ்வளவுதான் பின்னணி.

சிக்கல் அடுத்த வரியில் தொடங்குகிறது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், பள்ளிகொண்டா சுங்கச்சாவடியை ஒட்டிய ஓர் ஊரின் அணுகுசாலையில் விபத்து நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 108ஐ அழைக்கிறார், இன்னொருவர் 100ஐ அழைக்கிறார், லாரி ஓட்டுநர் 1033ஐ அழைக்கிறார். மூன்று அழைப்புகளும் மூன்று வெவ்வேறு கட்டுப்பாட்டு அறைகளில் ஒலிக்கின்றன. ஒவ்வோர் அறையும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த இடம்?" நாம் சொல்லும் பதில், "பஸ் ஸ்டாண்டு பக்கத்துலங்க." வேலூரிலேயே பழையது ஒன்று, புதியது ஒன்று. சென்னையில் தலையணியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் எந்த பஸ் ஸ்டாண்டு என்று கேட்டு, நாம் கோபப்பட்டு, அவர் மீண்டும் பொறுமையாகக் கேட்டு முடிப்பதற்குள் 1806ஆம் ஆண்டின் முதல் துண்டு திரும்ப நடந்துவிடுகிறது. நெடுஞ்சாலை என்றால் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள். ஊருக்குள் என்றால் தெருப் பெயரோடு அருகிலுள்ள பள்ளி, ரேஷன் கடை, வழிபாட்டுத்தலம் ஆகியவற்றில் ஒன்றை முழுப் பெயருடன் சொல்லுங்கள். "நம்ம மாரியம்மன் கோயில்" என்பது முழுப் பெயர் ஆகாது. தமிழ்நாட்டில் எத்தனை மாரியம்மன் கோயில்கள் என்பதை அந்த மாரியம்மனே எண்ணிப் பார்த்திருக்க மாட்டாள்.

[காட்சி: சாலை ஓரம், வரையப்பட்ட இரண்டு கார்கள்]

அடிபட்டு விழுந்தவர் யார் என்பதற்கு வருவோம். சிறுநகரத்தில் அவர் பெரும்பாலும் நடந்து போனவராகவோ இருசக்கர வாகனத்தில் போனவராகவோ இருப்பார். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. இதை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்தபோது தவறு செய்துவிட்டேனோ என்று இரண்டு முறை திருப்பிப் போட்டேன்.

இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. ஒன்று மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், மற்றொன்று 60இல். ஒரு பாட்டி சாலையில் இறங்குகிறார். இரண்டு ஓட்டுநர்களும் ஒரே நொடியில் பார்க்கிறார்கள். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி ஆகிறது. உலர்ந்த நல்ல தார்ச்சாலை, தேயாத டயர். 40இல் வந்த கார் அந்த ஒன்றரை வினாடியில் சுமார் 17 மீட்டர் ஓடி, பிறகு பிரேக்கில் சுமார் 9 மீட்டர் இழுத்து, 26 மீட்டரில் நின்றுவிடுகிறது. இரண்டு அரசுப் பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய நீளத்தைவிடச் சற்றே கூடுதல். 60இல் வந்த கார் ஒன்றரை வினாடியில் மட்டுமே 25 மீட்டர் ஓடிவிடுகிறது. முதல் கார் முழுவதும் நின்றுவிட்ட இடத்தில், இரண்டாவது காரின் ஓட்டுநர் அப்போதுதான் பிரேக்கில் கால் வைக்கிறார். பாட்டி அந்த இடத்தில் இருந்தால், முதல் கார் அவருக்கு முன்னால் நிற்கும். இரண்டாவது கார் ஏறக்குறைய 60இலேயே அவரை மோதும். வேகத்தில் வித்தியாசம் இருபதுதான், விளைவில் உள்ள வித்தியாசம் ஒரு மனித உயிர். வீடியோவை நிறுத்திவிட்டு நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஊருக்குள் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது இதனால் தெளிவாகிறது. எப்படிக் குறைப்பது? நம் ஊர்களில் விடை ஒன்றே ஒன்று. ஒரு உயிர் போகும், சாலை மறியல் நடக்கும், அதிகாரிகள் வந்து சமாதானம் பேசுவார்கள், மறுநாள் காலையில் சாலையின் குறுக்கே ஒரு வேகத்தடை படுத்திருக்கும். கோபமும் துக்கமும் நியாயமானவை. ஆனால் அந்தத் தடையின் உருவத்தைக் கவனியுங்கள். பனைமரத்தை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்துப் போட்டது போல, அரை மீட்டர் அகலமும் கணுக்கால் உயரமும் கொண்ட ஒரு மேடு.

சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை வேறு பிறவி. அதன் உயரம் 10 சென்டிமீட்டர்; ஆனால் வண்டி செல்லும் திசையில் அதன் அகலம் 3.7 மீட்டர். 17 மீட்டர் ஆரமுள்ள பெரிய வட்டத்திலிருந்து சீவி எடுத்த ஒரு மெல்லிய துண்டு அது, தோசைக்கல்லைக் கவிழ்த்தது போல. 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வண்டி ஏறி இறங்குவது உடலுக்கு அதிகம் தெரியாது. வேகம் கூடினால் வண்டியே ஓட்டுநரைக் கண்டிக்கும். அதற்கு 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகையும் இருக்க வேண்டும். நம் பனைமர மேடோ எந்த வேகத்தில் போனாலும் குலுக்கும். அதனால் எல்லோரும் கிட்டத்தட்ட நின்று ஏறுகிறார்கள், ஏறியவுடன் இழந்த நேரத்தைப் பிடிக்க முறுக்குகிறார்கள். ஆம்புலன்ஸும் அப்படித்தான் நின்று ஏற வேண்டும், உள்ளே முதுகெலும்பு அடிபட்ட ஒருவர் படுத்திருக்கும்போது. பாதசாரியைக் காப்பாற்றப் போட்ட மேடு, அடிபட்ட பாதசாரியையே வதைக்கிறது. பேருந்து நிலையத்திலிருந்து அரசு மருத்துவமனை வரைக்கும் இப்படிப்பட்ட மேடுகள் வரிசையாக நிற்கும் ஊரில், வண்டி எவ்வளவு புதியதாக இருந்து என்ன பயன்?

சில நாடுகளில் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். தடையைச் சாலையின் முழு அகலத்துக்கும் போடாமல், தலையணைகளைப் போலத் துண்டு துண்டாகப் போடுகிறார்கள். அகலமான தீயணைப்பு வண்டியின் சக்கரங்கள் தலையணையின் இருபுறமும் இறங்கிப் போய்விடும், கார் மட்டும் ஏறியாக வேண்டும். கேட்க மிக அழகாக இருக்கிறது. குடியாத்தத்தில் போட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அத்தனை இருசக்கர வாகனங்களும் அந்த இடைவெளி வழியாகத்தான் போகும். எனக்குப் பிடித்த தீர்வு, சாலையின் நடுவில் ஒரு சிறிய திட்டு. 14 மீட்டர் அகலச் சாலையைப் பொறியாளர் கணக்கான வினாடிக்கு 1.2 மீட்டர் நடையில் கடக்க 12 வினாடி ஆகும். நம் பாட்டி வினாடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பார் என்றால் 17 வினாடிக்கு மேல். நடுவில் நிற்க இடம் இருந்தால் அவர் ஒரு நேரத்தில் ஒரு திசையைப் பார்த்தால் போதும், கார்கள் தாமாகவே மெதுவாகும், ஆம்புலன்ஸ் குலுங்காது.

சைரனைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆம்புலன்ஸ் பிளந்துகொண்டு போகும் வழியில் அதன் வாலைப் பிடித்துப் பறக்கும் வீரர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வண்டி போய்விட்டது, சாலை காலி என்று நம்பிப் பாட்டி இறங்கும் நொடியில் அவர்கள்தான் வருகிறார்கள். அவசர ஊர்திக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஈ பிரிவு சொல்கிறது. என்னைக் கேட்டால் வால் பிடிப்பவருக்கு அதைவிடக் கூடுதலாகவே கொடுப்பேன்.

[காட்சி: கடைவீதி, மாலை நேரம்]

கடைசி அரைக் கிலோமீட்டருக்கு வருவோம். நம்முடைய மூடிய கோட்டைக் கதவு இங்கேதான் இருக்கிறது. கால்வாய் சிலாப்பின் மீது கடை நீள்கிறது, கடைக்கு முன்னால் வாடிக்கையாளரின் வண்டி நிற்கிறது, வண்டிக்கு அப்பால் நாம் நடக்கிறோம், நமக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் அலறுகிறது. நடைபாதை ஆக்கிரமிப்பு என்று ஒரு கோப்பும், ஆம்புலன்ஸ் தாமதம் என்று வேறொரு கோப்பும் இரண்டு அலுவலகங்களில் இருக்கலாம். தெருவில் இருப்பதோ ஒரே சிக்கல். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, கால்வாய் நகராட்சியுடையது, கம்பம் மின்வாரியத்துடையது, போக்குவரத்து காவல் துறையுடையது.

இவர்களை ஒருங்கிணைக்கவே முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். வைகாசி முதல் நாள் குடியாத்தத்துக்குப் போய்ப் பாருங்கள். தரணம்பேட்டை முத்தாலம்மன் கோயிலிலிருந்து கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலுக்கு அம்மனின் சிரசு (தலை) ஊர்வலம் போகும் அந்த நாளில், அவ்வளவு கூட்டத்துக்கு நடுவிலும் அம்மனுக்கு வழி கிடைக்கிறது. எந்தத் தெருவில் திரும்புவது, வண்டிகளை எங்கே நிறுத்துவது, யார் எந்த முனையில் நிற்பது என்பதெல்லாம் முன்கூட்டியே பேசி முடிக்கப்படுகிறது. அந்த ஆலோசனைக் கூட்டத்தில் உட்காருபவர்கள்தான் ஆண்டு முழுவதும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களோடு 108 வண்டியின் ஓட்டுநரான பைலட்டையும், தீயணைப்பு நிலைய அலுவலரையும், பள்ளி வாசலில் குழந்தைகளைக் கடத்திவிடும் ஓர் ஆசிரியரையும் சேர்த்து, பேருந்து நிலையத்திலிருந்து மருத்துவமனை வரைக்கும் மாலை ஆறு மணிக்கு ஒரு முறை நடக்க வைத்தால் போதும். மேசையில் தெரியாதது நடையில் தெரியும். எந்த மேட்டை இடித்துச் சரியான அளவில் போடுவது, எந்த வளைவில் ஆட்டோ நிறுத்தத்தைப் பத்து மீட்டர் தள்ளுவது, எந்தச் சந்தில் தீயணைப்பு வண்டி நுழையவே முடியாது என்பது அந்த ஒரு நடையிலேயே தெரிந்துவிடும்.

சட்டம் பற்றி இரண்டே வரி. அடிபட்டவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுபவரை, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு வழக்கிலிருந்து காக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சைச் செலவை வரையறுத்த அளவு வரை அரசே ஏற்கிறது. ஆகவே "பணம் யார் கட்டுவது" என்று சாலையோரத்தில் நின்று யோசிக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் வேலை. உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்திலிருந்து அரசு மருத்துவமனை வரைக்கும் நடந்து, எத்தனை வேகத்தடைகள், அவற்றில் எத்தனை பனைமரங்கள், மிகக் குறுகலான இடம் எது என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஆம்பூர்க்காரர்கள் வழியில் உள்ள பிரியாணிக் கடைகளை எண்ண வேண்டாம், அந்தப் பட்டியல் இங்கே கொள்ளாது. அளக்க நாடா இல்லையென்றால், தீயணைப்பு வண்டியின் அகலம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைகளையும் விரித்து நின்று, அதற்கு அப்பால் இரண்டு முழம் கூட்டினால் அந்த அளவு வந்துவிடும்.