மையத்தில் முன்னேறி வரும் வெள்ளைச் சிப்பாயை எப்படிச் சமாளிப்பது?

அடுத்த சதுரங்கக் கேள்வி. "கறுப்புக் காய்களில் அலெக்கைன் டிஃபென்ஸ் (வெள்ளையின் இ4-க்குக் குதிரையை எஃப்6-ல் வைத்துப் பதில் சொல்லும் தொடக்கம்) ஆடுகிறேன். வெள்ளை இ5, டி4, சி4, எஃப்4 என்று சிப்பாய்களைத் தள்ளிக்கொண்டே வந்து என் குதிரையை விரட்டுகிறார். பத்து நகர்வுக்குள் மூச்சு முட்டுகிறது. என்ன செய்வது?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

முதலில் பயத்தை விடுங்கள். அந்தச் சிப்பாய்கள் உங்கள் குதிரை கூப்பிட்டுத்தான் வந்திருக்கின்றன. 1921-ல் புடாபெஸ்டில் ரஷ்ய ஆட்டக்காரர் அலெக்கைன் இதை ஆடியபோதே யோசனை இதுதான்: சிப்பாய் முன்னே போகும், திரும்பி வராது. அது தாண்டி வந்த கட்டங்களை இனி அதனால் காக்க முடியாது.

சரி, போர்டுக்கு வருவோம். எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை; வெள்ளையின் நகர்வு முதலில், உங்கள் பதில் அடுத்து; காயின் பெயர் சொல்லாவிட்டால் அது சிப்பாய் நகர்வு. இ4, குதிரை எஃப்6. இ5, குதிரை டி5. டி4, டி6. சி4, குதிரை பி6. எஃப்4. இப்போது டி6 சிப்பாயால் இ5-ஐ வெட்டுங்கள், வெள்ளை எஃப் சிப்பாயால் திரும்ப வெட்டுவார். அடுத்து குதிரை சி6. இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். பலரும் இ5-ஐயே முறைத்துக்கொண்டிருப்பார்கள். அடிக்க வேண்டியது இ5-ஐத் தாங்கி நிற்கும் டி4-ஐ. அதை உங்கள் ராணியும் குதிரையும் குறிவைக்கின்றன, காவலுக்கு வெள்ளை ராணி மட்டும்தான். அதனால்தான் வெள்ளை பிஷப்பை இ3-ல் வைக்கிறார்.

அப்புறம் உங்கள் பிஷப் எஃப்5-க்கு. வெள்ளை குதிரை சி3, நீங்கள் இ6. இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலில் இ6 தள்ளினால் பிஷப் உள்ளேயே அடைபட்டுவிடும். அதே நேரத்தில், இ6 கட்டம் காலியாக இருக்கும்வரை வெள்ளை தன் இ5 சிப்பாயை அங்கே பலிகொடுத்து உங்கள் ராஜா பக்கத்தைக் கிழிக்க முடியும். அதனால் பிஷப் வெளியே வந்ததும் இ6-ஐ அடைத்துவிடுங்கள்.

வெள்ளை குதிரை எஃப்3, நீங்கள் பிஷப் இ7. அவர் அமைதியாகப் பிஷப் இ2 ஆடி இருவரும் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்தி ராஜாவைப் பத்திரப்படுத்துவது) செய்தால், எஃப்6! இதற்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தோம். அவர் வெட்டினால் பிஷப்பால் திரும்ப வெட்டுங்கள். இப்போது டி4 மேல் பிஷப், குதிரை, ராணி மூன்றும் விழுகின்றன. ராணியை இ7-க்கு ஒதுக்கி, யானையை டி8-க்குக் கொண்டுவந்தால் அந்தச் சிப்பாயைக் காப்பதே வெள்ளைக்கு முழுநேர வேலையாகிவிடும். ஆனால் கேஸ்லிங் செய்யாமல் எஃப்6 தள்ளாதீர்கள், திறப்பது உங்கள் ராஜா வாசலாகிவிடும்.

பிஷப் இ2-க்குப் பதில் அவர் உடனே டி5 தள்ளினால் ஆட்டம் சூடாகும். வெட்டுங்கள், சி சிப்பாயால் அவர் திரும்ப வெட்டட்டும், பிறகு குதிரை பி4. டி5-ஐத் தாக்குகிறது, எஃப்5 பிஷப் துணையோடு சி2-ல் ராஜாவையும் யானையையும் ஒருசேரப் பிடிக்கப் பார்க்கிறது. அவர் குதிரை டி4 என்று பதில் சொல்வார். இந்த இடத்தை மட்டும் வீட்டில் போர்டில் வைத்துப் பழகிவிட்டுப் போங்கள். பொதுவான கொள்கை இங்கே உதவாது, கணக்கு வேண்டும்.

இது பழைய ஓப்பனிங், இப்போது எடுபடாது என்று சிலர் சொல்வதுண்டு. 1972 ரெய்காவிக் உலகச் சாம்பியன் போட்டியின் 13-வது ஆட்டத்தில் அப்போதைய சாம்பியன் ஸ்பாஸ்கிக்கு எதிராக, சவால் விட்ட அமெரிக்கர் ஃபிஷர் இதைத்தான் ஆடி வென்றார். அங்கே ஸ்பாஸ்கி நான்கு சிப்பாய்களையும் தள்ளவில்லை, குதிரை எஃப்3 என்று நிதானமாக ஆடினார். ஃபிஷர் ஜி6 தள்ளிப் பிஷப்பை ஜி7-ல் வைத்து இ5-ஐ தூரத்திலிருந்து அழுத்தினார். அந்த அமைப்பும் உங்களுக்குப் பொருந்தும்.

சில எதிராளிகள் எஃப்4 தள்ளாமல் இ5 சிப்பாயால் டி6-ஐ வெட்டிவிடுவார்கள். அப்போது சி சிப்பாயால் திரும்ப வெட்டுங்கள். மையத்தில் உங்களுக்கு இரண்டு சிப்பாய், அவருக்கு டி4 ஒன்றுதான். ஜி6, பிஷப் ஜி7, குதிரை சி6 என்று ஆடுங்கள், அழுத்தம் மறுபடி அதே டி4 மேல்தான்.