வேண்டாம் என்று சொல்ல ஒரு சாக்கு

வணக்கம். வயலுக்குப் புறப்படுகிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிறவர்கள், முக்கூடல், ஆலங்குளம் பக்கம் மடியில் சுளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே ரேடியோ கேட்கிற தாய்மார்கள், எல்லோருக்கும் வணக்கம்.

முப்பது வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தேன். கபடிதான் எனக்கு உயிர். ஒரு பிள்ளை போதைப் பக்கம் தடம் மாறினால் அது முதலில் தெரிகிற இடம் மைதானம். மார்க் குறைய நாளாகும், மூச்சு சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் அணியில் ஒரு பையன், பத்தாம் வகுப்பு. பேர் வேண்டாம். அவன் பாடிப் போனால் சத்தம் ரோட்டோரப் புளியமரம் வரைக்கும் கேட்கும். விதிப்படி 30 விநாடி. முப்பதும் குரல் இறங்காமல் பாடுவான். அரையாண்டு லீவு முடிந்து வந்தவனுக்குப் பாதியிலேயே பாட்டு அறுந்தது. "சளி சார்" என்றான். சரி என்று விட்டேன். மறுநாளும் அறுந்தது. கூப்பிட்டுக் கீழுதட்டை இழுத்துப் பார்த்தேன். உள்பக்கத் தோல் வெளுத்து, ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறின விரல் மாதிரி சுருங்கியிருந்தது.

அப்புறம் மெதுவாகச் சொன்னான். முதலில் உதட்டுக்குள் அடக்குகிற புகையிலைப் பொட்டலம். கொடுத்தது தெரு அண்ணன் ஒருத்தன். "காசே வாங்கல சார்" என்றான். பிறகு வாய்க்கால் கரையில் கஞ்சா திணித்த சிகரெட். "ஏம்ல வேண்டாம்னு சொல்லல?" என்று கேட்டேன். "எல்லாரும் சிரிப்பாங்க சார்."

இதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். புற்றுநோய் வரும், வாழ்க்கை போகும் என்று மேடை போட்டுச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் பதினைந்து வயதுக்காரனுக்குப் புற்றுநோய் எங்கேயோ தூரத்தில் இருக்கிறது. கூட்டாளிகளின் சிரிப்போ இந்த நிமிஷமே முகத்துக்கு நேரே இருக்கிறது. நெற்றிக்குப் பின்னால், நிதானித்து முடிவெடுக்கிற மூளைப் பகுதி முழுசாக முதிர ஏறக்குறைய 25 வயது ஆகிறது. விவசாயம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். உப்புத் தண்ணீரை வளர்ந்த பயிர் கொஞ்சம் தாங்கும், நாற்று தாங்காது. சின்ன வயதில் தொட்டவர்களுக்கு அடிமையாகிற ஆபத்து கூடுதல்.

அதனால் நான் பிள்ளைகளுக்கு ஒரு சாக்கு கொடுத்தேன். தினமும் பயிற்சிக்கு முன்னால் எல்லோரும் வரிசையாக நின்று வாயை ஊத வேண்டும், நான் மோந்து பார்ப்பேன். யாராவது நீட்டினால் பழியை என்மேல் போடுங்கள் என்றேன். "எங்க சார் மோந்து பாப்பாருல, டீமை விட்டே தூக்கிருவாரு." இப்படிச் சொன்னால் ஒருத்தனும் சிரிக்க மாட்டான். ஆனால் உண்மையில் யாரையும் தூக்க மாட்டேன், என்னிடம் வந்து சொன்னால் கூடவே வருவேன் என்றும் சொல்லியிருந்தேன். பிடிப்பதற்காக நான் மோந்து பார்க்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி வேண்டும், அதற்குத்தான். பெற்றோரே, நீங்களும் கொடுங்கள். "எங்க அம்மா கண்டுபிடிச்சிரும்" என்பது ரொம்ப நல்ல சாக்கு. பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தப் பையனின் அம்மாவிடம் சொன்னபோது சுளவு ஒரு பக்கம், இலை ஒரு பக்கம் போட்டுவிட்டு விளக்குமாற்றை எடுத்தார். "அடிச்சா நாளைக்கு உங்ககிட்டயே மறைப்பான் தாயி" என்று தடுத்தேன். அடுத்து போலீசுக்குப் பயந்தார். சிகிச்சைக்குத் தானாக முன்வருகிறவர்களுக்கு 1985-ஆம் வருஷப் போதைப்பொருள் சட்டத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது என்றேன். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனோம். சில வாரம் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல். பழக்கத்தை விடும்போது அப்படித்தான் இருக்கும். பயந்துவிடாதீர்கள். அந்த அம்மா ராத்திரியெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் என்று விரல் காட்டுகிறார்கள். போதைக்காக விழுங்குகிற வலி மாத்திரை, மோந்து பார்க்கிற பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் பற்றியெல்லாம் எழுதி வந்தேன். இவ்வளவுதான் சொல்ல முடியும்: பையில் தெரியாத மாத்திரை அட்டை, கைக்குட்டையில் பசை நெடி இருந்தால் உடனே கேளுங்கள், அதட்டாமல் கேளுங்கள். பிள்ளைகளுக்குப் போதைப்பொருள் கொடுக்கிறவர்களுக்கு 2015-ஆம் வருஷ இளையோர் நீதிச் சட்டப்படி 7 வருஷம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

அந்தப் பையன் அடுத்த கோயில் கொடைப் போட்டியில் பாடினான். விரல் விட்டு எண்ணினேன், 22 விநாடி.

போதைப் பழக்கத்தை விட உதவுகிற கட்டணமில்லா எண் 14446. பென்சில் எடுத்துவிட்டீர்களா? ஒன்று, நான்கு, நான்கு, நான்கு, ஆறு. பிள்ளைகள் தாங்களே கூப்பிட 1098. வணக்கம்.