மேற்குச் சுவரும் மொட்டை மாடியும்

நேயர்களுக்கு வணக்கம்.

கோடைக்காலத்தில் இரவு பத்து மணிக்கு, மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் மின்விசிறியைப் போட்டுப் பாருங்கள். அனல்தான் இறங்கும். பகலெல்லாம் கான்கிரீட் தளம் குடித்து வைத்த வெயிலை அப்போதுதான் கீழே விட்டுக்கொண்டிருக்கும். உடனே ஏ.சி. வாங்குகிறோம். அதுவோ முதலில் கூரையோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் நம்மிடம் வருகிறது.

கட்டட வரைபடம் போடுவது என் தொழில். வீடு கட்ட வருகிறவர்களிடம் நான் முதலில் பேசுவது புதுச்சேரியில் இருக்கும் ஒரு கட்டடத்தைப் பற்றி. அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதி அது, பெயர் கோல்கொண்டா. 1930களில் அந்தோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். கூடவே தங்கி வேலையைக் கவனித்தவர் ஜார்ஜ் நகஷிமா. பின்னாளில் மரச்சாமான் வடிவமைப்பில் உலகப் புகழ் பெற்றவர் இவர்தான். கட்டியது கான்கிரீட்டில், ஆனால் ஏ.சி. கிடையாது.

ஏ.சி. இல்லாமல் எப்படிச் சமாளிக்க முடிந்தது? கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. குறுகிய பக்கங்கள்தான் கிழக்குக்கும் மேற்குக்கும். அந்த நீண்ட பக்கங்களில் கண்ணாடி ஜன்னல் இல்லை. தரையிலிருந்து மேல்தளம் வரை திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகள். வெயிலும் மழையும் வெளியே நிற்க, காற்று உள்ளே வரும். அறைக் கதவுகளிலும் இடைவெளிவிட்ட தேக்குச் சட்டங்கள், சாத்தினாலும் காற்று கடந்து போகும். கூரை இரண்டு அடுக்கு: கான்கிரீட் தளத்துக்கு மேலே வளைந்த ஓடுகள், நடுவில் காற்று ஓட இடம். வெயில் விழுவது ஓட்டின்மேல்; தளத்துக்கு நிழல். அந்தப் பலகைகளை அன்று கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமென்டில் செய்தார்கள். இன்று அது வேண்டாம், நுரையீரலுக்கு ஆகாது. மரமோ அலுமினியமோ போதும்.

நம் ஊரில் சூரியன் நடக்கும் விதம் தெரிந்தால் இந்தத் திசைக் கணக்கு புரிந்துவிடும். சென்னையில் வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல் கடைசி வாக்கிலும் ஆகஸ்ட் நடுவிலும், சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது. இடையில், ஜூன் மாதத்தில், நண்பகல் வெயில் வடக்கிலிருந்து விழுகிறது! நம்பாவிட்டால் மாடியில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள், நிழல் தெற்கே சாயும். ஆக, வடக்கு, தெற்கு ஜன்னல்களுக்கு உயரத்திலிருந்து வரும் வெயில். இரண்டடி சன்ஷேடே அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். மேற்கில் நாலு மணி வெயில் சாய்ந்து, சன்ஷேடுக்கு அடியில் புகுந்து, நேரே கட்டில்மேல் உட்காரும். நாலு பக்கமும் ஒரே அளவில் சன்ஷேடு இழுத்துவிடுகிறோமே, அதை நான் அலங்காரச் செலவு என்றுதான் சொல்வேன். மேற்கில் மாடிப்படி, குளியலறை, சாமான் அறை இவற்றை வையுங்கள்.

ஒரே சுவரில் எத்தனை பெரிய ஜன்னல் வைத்தாலும் காற்று அறையைக் கடந்து போகாது. போவதற்கு எதிரே வழி வேண்டும். கடலோர ஊர்களில் வியர்வையை உலர்த்துவது அந்த ஓட்டம்தான். வெளிச்சத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஜன்னல் மேல்விளிம்பின் உயரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம்தான் நல்ல வெளிச்சம் உள்ளே எட்டும். ஏழடி உயரமென்றால் பதினாலடி. அதற்குமேல் நீளும் கூடத்தில் பகலிலேயே விளக்கெரியும்.

ஊட்டிக்குப் போனால் பாடம் தலைகீழ். அங்கே மார்கழி வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து வரும். தெற்குக் கண்ணாடி வழியாக அதை வரவேற்று, தரையிலும் சுவரிலும் தேக்கிவைக்க வேண்டும்.

கட்டி முடித்த வீட்டுக்காரர்கள் என்ன செய்வது? முதலில் கூரை. தளத்தின்மேல் சுருக்கி, அதாவது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை போட்டு, வெள்ளைத் தட்டு ஓடுகளைப் பதியுங்கள். அதற்கு வசதியில்லையென்றால் கோடைக்கு முன் இரண்டு முறை வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலும் மேல்மாடி அறைக்கு வித்தியாசம் தெரியும். அடுத்தது மேற்குச் சுவர். ஒரு வீட்டில் அந்தப் பக்கத்துப் படுக்கையறையில் நள்ளிரவு வரை ஏ.சி. ஓடியது. திரை போட்டிருக்கிறோமே என்றார்கள். திரை உள்ளே இருந்தது. கண்ணாடியைத் தாண்டி வந்த வெப்பம் அறையிலேயே தங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டச் சொன்னேன், சுவரோரம் ஒரு வேப்பங்கன்றும் வைத்தார்கள். மரம் இன்னும் ஜன்னல் உயரத்துக்கு வரவில்லை. அதுவரை தட்டிதான்.

வணக்கம்.