தனியே எழுதப்பட்ட கடிதம்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். சபையில் ஒருவர் பாவத்தில் விழுந்தார் என்றால், அந்தச் செய்தி சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டிக்கு வந்து சேருமுன்பே ஊரெல்லாம் பேசித் தீர்ப்பும் எழுதி முடித்துவிடுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு வகுத்த ஒழுங்கோ, முதலில் நீ தனியே போய் அவனிடம் பேசு, கேளாவிட்டால் ஓரிருவரை அழைத்துக்கொண்டு போ, அதற்கும் இணங்காவிட்டால் சபைக்குத் தெரிவி என்று படிப்படியாகச் செல்கிறது. தனியே என்ற அந்த முதற்படியைத்தான் நாம் தாண்டிவிடுகிறோம்.

கி.பி. 390இல் தெசலோனிக்கே நகரில், மக்களின் அபிமானத் தேரோட்டி ஒருவன் சிறையிலடைக்கப்பட்டதால் எழுந்த கலகத்தில் தளபதி புத்தெரிக் கொல்லப்பட்டார். சினங்கொண்ட ரோமப் பேரரசர் தியோடோசியஸ் நகர மக்களைத் தண்டிக்க ஆணையிட்டார். பின்னர் அதைத் திரும்பப் பெற முயன்றும் காலம் கடந்துவிட்டது. அந்தத் தண்டனையில் மாண்டவர்கள் ஏழாயிரம் பேர் என்று அடுத்த நூற்றாண்டில் திருச்சபை வரலாற்றாசிரியர் தியோடரேட் எழுதினார்.

அப்போது மிலான் பேராயராயிருந்த அம்புரோஸ், பேரரசரைக் கோயில் வாசலில் வழிமறித்ததாக ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். அது பிற்காலத்தார் சொன்ன கதை. அவருடைய சொற்களாகவே நமக்குக் கிடைத்திருப்பது ஒரு கடிதம். உடல்நலத்தைக் காரணங்காட்டி நகரைவிட்டு விலகியிருந்த அவர், பேரரசர் ஒருவர் மட்டுமே படிக்கவேண்டுமென்று அதைத் தம் கைப்படவே எழுதினார். நீரும் மனிதர்தாம், சோதனை உமக்கும் வந்தது என்றார். தீர்க்கதரிசி நாத்தான் கண்டித்தபோது தாவீது அரசன் தன் பாவத்தை ஒப்புக்கொண்டதை நினைவூட்டினார். நீர் கோயிலில் இருந்தால் அப்பமும் இரசமும் பகிரும் திருவிருந்தை என்னால் நிறைவேற்ற இயலாது என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். நேயர்களே, மீண்டும் சொல்கிறேன், இவ்வளவும் தனியே எழுதப்பட்ட கடிதத்தில். தியோடோசியஸ் அரச சின்னங்களைக் களைந்து, மக்கள்முன் கோயிலில் அழுது மன்னிப்புக் கேட்டார். அவ்வாண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளில் திருவிருந்துக்குத் திரும்பினார்.

கூலித் தொழிலாளி வீட்டுப் பெண் காதலித்து மணந்தால் உடனே திருவிருந்தை மறுத்துவிட்டு, பொறுப்பிலிருப்பவர் சபைப் பணத்தில் கைவைத்தால் பொறுத்துப் பார்ப்போம் என்னும் சபை, அந்தக் கடிதத்தின் முன் நிற்கவே முடியாது. தனியே பேசுவது மூடிமறைப்பதற்கான வழியும் அன்று. ஊரறிய நடந்த கொலைக்கு ஊரறியவே மனந்திரும்புதல் நடந்தது. சிறுவர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையென்றால், அது கமிட்டி அறைக்குள் பேசித் தீர்ப்பதற்குரியதே அன்று, காவல் நிலையத்திற்குப் போகவேண்டியது.

கொரிந்து சபையைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பலரால் கண்டிக்கப்பட்ட ஒருவரைக் குறித்துப் அப்போஸ்தலர் பவுல் அச்சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில், தண்டித்தது போதும், இனி மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர் மிகுந்த துக்கத்தில் அமிழ்ந்துபோவார் என்று கேட்டுக்கொள்கிறார். உங்கள் சபையில் விலக்கப்பட்டவர் எவரேனும் இருந்தால், அவர் வீட்டுக்கு இந்த வாரம் யார் போகிறார் என்று போதகரிடம் கேளுங்கள். நன்றி, வணக்கம்.