கொரிந்தில் ஒரு பந்தித் தகராறு: பவுலின் கடிதம் எதற்காக எழுதப்பட்டது?

[திரையில்: கிரேக்க நாட்டின் வரைபடம். இரண்டு கடல்களுக்கு நடுவே ஒடுங்கிய நிலப்பகுதி பெரிதாகிறது.]

"ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்."

இது, இயேசுவின் செய்தியை ஊர் ஊராகப் பரப்பிய பவுல், கிரேக்க நகரமான கொரிந்தின் கிறிஸ்தவர்களுக்கு எழுதின முதலாம் நிருபத்தின், அதாவது கடிதத்தின், 11ஆம் அதிகாரத்தில் வருகிற வரி. வெறி என்றால் இங்கே குடிவெறி. பவுல் இதைச் சொல்வது ஒரு மதுக்கடையைப் பற்றியல்ல. இயேசுவின் கடைசி இரவுணவை நினைவுகூரக் கூடிய விசுவாசிகளின் பந்தியைப் பற்றி. கூடியதே சாப்பாட்டுக்காக, அந்தச் சாப்பாட்டில்தான் தகராறு.

அந்தத் தகராறு புரிய வேண்டுமானால் முதலில் ஊரைப் பார்க்க வேண்டும்.

கி.மு. 146இல் ரோமானியத் தளபதி மும்மியஸ் பழைய கொரிந்தைத் தரைமட்டமாக்கினார். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, கி.மு. 44இல், ஜூலியஸ் சீசர் அதை ரோமக் குடியேற்றமாகத் திரும்ப நிறுவினார். வந்து குடியேறியவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். கிழக்கே கெங்கிரேயா துறைமுகம், மேற்கே லெகேயோன் துறைமுகம், நடுவில் சுமார் ஆறு கிலோமீட்டர் அகல நிலம். தெற்கே மலேயா முனையைச் சுற்றிவர அஞ்சிய வணிகர்களின் சரக்கெல்லாம் இந்த வழியாகத்தான் போயிற்று. பரம்பரைப் பெருமை பேச ஆளில்லாத ஊர். காசு சேர்த்தவன் பெயர் வாங்கத் துடிக்கிற ஊர்.

[திரையில்: தரைக்கற்களில் வெட்டப்பட்ட லத்தீன் எழுத்துகள்.]

இந்தக் கல்வெட்டைப் பாருங்கள். கொரிந்தின் நாடக அரங்கத்துக்கு அருகே கிடைத்தது. எராஸ்து என்பவர், தமக்குக் கிடைத்த நகராட்சிப் பதவிக்குக் கைம்மாறாக, இந்தத் தளத்தைச் சொந்தச் செலவில் போட்டுக் கொடுத்தார் என்கிறது. ரோமருக்கு எழுதின நிருபத்தின் முடிவில் வாழ்த்துச் சொல்லும் 'பட்டணத்து உக்கிராணக்காரன்' (நகரப் பொருளாளர்) ஏரஸ்து இவர்தானா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. அவர் யாராக இருந்தாலும் சரி, செய்த உபயத்தைக் கல்லில் வெட்டி வைக்கும் அந்த மனநிலைதான் கொரிந்து.

பவுல் இங்கே வந்தது ஏறத்தாழ கி.பி. 50இல். புதிய ஏற்பாட்டு நூலான அப்போஸ்தலர் நடபடிகள் சொல்வதுபடி ஒன்றரை ஆண்டு தங்கினார். ரோமிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியோடு சேர்ந்து கூடாரத் தொழில் செய்தார். கல்லியோன் என்ற ஆளுநர் முன்னால் நிறுத்தவும் பட்டார். இந்தக் கல்லியோனின் பெயர் தெல்பியில் கிடைத்த கல்வெட்டொன்றிலும் வருகிறது. அதை வைத்து அவர் பதவியிலிருந்தது கி.பி. 51, 52ஐ ஒட்டி என்று கணிக்கிறார்கள். பவுலின் வாழ்க்கைக்கு ஆண்டு குறிக்க இவ்வளவு உறுதியான வேறு பிடி கிடையாது.

பிறகு பவுல் கடல் கடந்து, இன்றைய துருக்கியில் உள்ள எபேசுவுக்குப் போனார். அங்கிருந்தபோதுதான் கொரிந்துச் செய்திகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. குலோவேயாள் என்ற பெண்ணின் வீட்டார் வந்து, 'நான் பவுல் பக்கம், நான் அப்பொல்லோ பக்கம், நான் கேபா பக்கம்' என்று சபை கட்சி கட்டி நிற்பதைச் சொன்னார்கள். அப்பொல்லோ அங்கே போதித்த இன்னொரு போதகர்; கேபா என்பது பேதுருவின் மறுபெயர். ஸ்தேவான், பொர்த்துனாத்து, அகாயுக்கு என்ற மூவர் நேரில் வந்தார்கள். கொரிந்தியர் கேள்விகளை எழுதியும் அனுப்பியிருந்தார்கள். இவ்வளவுக்கும் பதிலாக, கி.பி. 54ஐ ஒட்டி எழுதப்பட்டதுதான் நாம் 'முதலாம் நிருபம்' என்று சொல்வது.

உண்மையில் அது முதலாவது அல்ல. அதற்கு முன்பே ஒன்று எழுதியதாக 5ஆம் அதிகாரத்தில் பவுலே சொல்கிறார். அது நம் கைக்கு வரவில்லை. கொரிந்தியர் எழுதிய கடிதமும் வரவில்லை. இதனால் ஒரு தொல்லை உண்டு. 7ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் 'ஸ்திரீயைத் தொடாமலிருக்கிறது மனுஷனுக்கு நல்லது' என்று வருகிறது. இது பவுலின் கருத்தா, கொரிந்தியர் எழுதியதை அவர் எடுத்துக்காட்டிப் பதில் சொல்கிறாரா? பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் மேற்கோள் குறி கிடையாது. இரண்டாவதுதான் சரி என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அந்த அதிகாரம் முழுவதும் திருமண உறவை மறுக்காமல் பேசுவதைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது.

[திரையில்: ரோமானிய வீட்டின் தரைப்படம். உணவறையும் முற்றமும் தனித்தனி நிறத்தில்.]

சரி, பந்திக்கு வருவோம். அன்று தனியாகக் கோயில் கட்டடம் இல்லை. வசதியுள்ள ஒருவர் வீட்டில்தான் கூட்டம். ரோமானிய உணவறையில் மூன்று சாய்விருக்கைகள் இருக்கும். வழக்கமாக ஒன்பது பேர் சாய்ந்து சாப்பிடலாம். மற்றவர்கள்? முற்றத்தில் நின்றோ உட்கார்ந்தோ இருந்திருப்பார்கள் என்று பலர் ஊகிக்கிறார்கள். விருந்தாளியின் தகுதிக்கேற்பச் சோற்றிலும் திராட்சைமதுவிலும் தரம் பிரித்துப் பரிமாறுவது அக்கால ரோமானிய வழக்கம். ஓய்வுள்ள பணக்காரர் முன்னதாக வருவார். அடிமையும் கூலிக்காரனும் எசமான் விட்ட பிறகுதான் வர முடியும். முதல் பந்தியில் எல்லாம் தீர்ந்து, கடைசிப் பந்திக்காரன் வெறும் இலையைப் பார்ப்பது போன்ற நிலை.

இதற்குப் பவுலின் கோபம் கடுமையானது. 'புசிக்கிறதற்கும் குடிக்கிறதற்கும் உங்களுக்கு வீடுகள் இல்லையா?' என்கிறார். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே என்கிறார். ஆனால் அவர் சொல்லும் தீர்வைக் கவனியுங்கள்: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள், பசி பொறுக்காதவன் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வரட்டும். பணக்காரன் வீட்டுச் சமையலில் அவர் கை வைக்கவில்லை. எனக்கு இது பாதிக் கிணறு தாண்டிய தீர்வாகத்தான் தெரிகிறது.

அடுத்தது இறைச்சி. சந்தையில் விற்ற இறைச்சியில் ஒரு பகுதி கோயில்களில் பலியிட்டது. அதைத் தின்னலாமா? 'விக்கிரகம் ஒன்றுமில்லை, தின்னலாம்' என்றனர் விவரமானவர்கள். கொள்கையில் பவுல் அவர்கள் பக்கம்தான். சந்தையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள் என்றே சொல்கிறார். ஆனால் நீ தின்பதைப் பார்த்து ஒரு சகோதரன் மனம் இடறினால்? அப்படியானால் நான் இறைச்சியையே தொடமாட்டேன் என்கிறார். கேள்வி இறைச்சியைப் பற்றியது. பதிலோ, பக்கத்தில் இருப்பவனைப் பற்றியது.

திருமணப் பத்திரிகைகளிலும் சுவர் நாட்காட்டிகளிலும் நாம் பார்க்கிற 'அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது' என்ற 13ஆம் அதிகாரமும் இந்தச் சண்டைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. முன் அதிகாரத்திலும் பின் அதிகாரத்திலும், யாருடைய ஆவிக்குரிய வரம் (அந்நிய பாஷை பேசுவது போன்ற, கடவுள் தந்ததாகக் கருதிய ஆற்றல்) உயர்ந்தது என்ற போட்டி. பொறாமை, தற்புகழ்ச்சி, இறுமாப்பு என்று அடுக்குவது மணமக்களுக்காக அல்ல. முந்தைய அதிகாரங்களில் கொரிந்தியரைக் கண்டித்த அதே குற்றங்கள் அவை.

[திரையில்: பாப்பிரஸ் சுருள். ஒருவர் நின்று வாசிக்க, சுற்றிலும் ஆட்கள்.]

அந்தக் காலத்தில் கடிதம் சொல்லி எழுதுவிக்கப்படும். கடைசியில் 'பவுலாகிய நான் என் கையாலே வாழ்த்துதலை எழுதுகிறேன்' என்ற வரி வருகிறதல்லவா, அந்த இடத்தில் எழுத்தரிடமிருந்து கோலை அவரே வாங்குகிறார். கூட்டத்தில் ஒருவர் உரக்க வாசிப்பார். முந்திச் சாப்பிட்டவரும் பசியோடு போனவரும் ஒரே அறையில் அதைக் கேட்டிருப்பார்கள்.

கடிதத்தால் எல்லாம் சரியாகிவிடவில்லை. பவுல் நேரில் போனார், மனம் நொந்து திரும்பினார். கண்ணீரோடு இன்னொரு கடிதம் எழுதியதாக இரண்டாம் நிருபம் சொல்கிறது. 'கடிதத்தில்தான் வீரம், நேரில் ஆள் பலவீனம்' என்று ஏளனம் செய்தார்கள். அவர் கொரிந்தியரிடம் காசு வாங்காமல், வடக்கே மக்கெதோனியாவிலிருந்து வந்த உதவியை மட்டும் ஏற்றதும் ஒரு மனக்குறை. கொடுப்பவன் கை மேலே இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஊரில், வாங்க மறுப்பது அவமானம்.

நாற்பது ஆண்டுக்குப் பிறகு, கி.பி. 96ஐ ஒட்டி, ரோமாபுரிச் சபை கொரிந்துக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதுகிறது. அந்தச் சபையின் தலைவர் கிளமெந்து எழுதியதாக மரபு சொல்லும் அந்தக் கடிதத்தில், 'பவுல் உங்களுக்கு எழுதியதை எடுத்துப் பாருங்கள்' என்ற பொருளில் ஓர் இடம் வருகிறது. இந்த முறை தகராறு சாப்பாட்டில் இல்லை. சபையை நடத்திய மூப்பர்கள் சிலரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டிருந்தார்கள்.