மேற்கோள் குறிக்குள் இருப்பது மதிப்பா, பெயரா?

(சேலத்தில் கணினி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் நின்றுகொண்டு உதாரணத்துக்கு நான் வெளியூர் போகப் போவதில்லை. தரவுத்தளத்திடம் கேள்வி கேட்க உதவும் இடைமுகம், நாம் எழுதும் சொல் மதிப்பா பெயரா என்பதை எப்படிப் பிரித்தறிய வேண்டும் என்பதுதான் பேச்சு. சேகோ மில்லுக்கு, அதாவது ஜவ்வரிசி ஆலைக்கு, குச்சிக்கிழங்கு லோடு வருகிறது. ஸ்டார்ச் எவ்வளவு என்று பார்த்து பாயிண்ட் போடுகிறார்கள், பாயிண்ட் கணக்கில் விலை. இந்தப் பேச்சு உங்களில் பலர் வீட்டில் காதில் விழுந்திருக்கும். அப்படி ஒரு மில்லுக்கு மென்பொருள் எழுதுகிறோம். 'லோடு' என்று ஓர் அட்டவணை. அதில் விவசாயி, ஊர், எடை, பாயிண்ட், வந்த நேரம்.

'பாயிண்ட் 25-க்குக் கீழே உள்ள லோடுகளைக் காட்டு' என்று தரவுத்தளத்திடம் கேட்கிறோம். பாயிண்ட் என்பது நெடுவரிசையின் பெயர், 25 என்பது மதிப்பு. எண் வந்தால் குழப்பமே இல்லை. எழுத்துச்சரம் வந்தால்தான் தலைவலி. தரவுத்தளத்திடம் பேசும் மொழியான எஸ்க்யூஎல்லின் தரநிலைப்படி ஒற்றை மேற்கோள் குறி மதிப்புக்கு, இரட்டைக் குறி பெயருக்கு. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் இயல்பு நிலையில் இரட்டைக் குறிக்குள் இருப்பதையும் மதிப்பாகவே எடுத்துக்கொள்ளும். எஸ்க்யூலைட் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருள் இன்னும் தாராளம். இரட்டைக் குறிக்குள் எழுதிய பெயரில் நெடுவரிசை இல்லையென்றால், மதிப்பாகத்தான் இருக்கும் என்று தானே முடிவு கட்டிவிடும். நீங்கள் பெயரில் ஓர் எழுத்தைத் தவறவிட்டால் பிழைச் செய்தி வராது, தப்பான விடை வரும். அதை உருவாக்கியவர்களே இது வேண்டாத வசதி என்று தங்கள் ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நாம் நேரடியாக எஸ்க்யூஎல் எழுதுவது குறைவு, பைத்தானில், நமக்காக எஸ்க்யூஎல் எழுதித் தரும் ஜாங்கோ வழியாகத்தான் போகிறோம் என்பீர்கள். சரி, அங்கேயே பார்ப்போம். ஒரு 'வென்' எழுதுகிறீர்கள், அதாவது 'இந்த நிபந்தனை பொருந்தினால் இந்த விடை' என்று; விடையைச் சொல்லும் இடம் 'தென்'. நிபந்தனையில் ஊர் சமம் 'ஆத்தூர்' என்று போடுகிறீர்கள். அடுத்து, அதே அடைப்புக்குள், 'தென்' சமம் 'ஆத்தூர்' என்று போடுகிறீர்கள். முதல் ஆத்தூர் மதிப்பு. இரண்டாவது ஆத்தூர் நெடுவரிசையின் பெயர்! அப்படி ஒரு நெடுவரிசை இல்லை என்று ஜாங்கோ கத்தும். கத்தினால் நல்லது. நீங்கள் போட்ட சொல் தற்செயலாக ஒரு நெடுவரிசையின் பெயராகவும் இருந்துவிட்டால்? 'எடை' என்ற சொல்லை அறிக்கையில் அச்சிட நினைத்திருப்பீர்கள். ஒவ்வொரு வரியிலும் கிலோக் கணக்கு வந்து நிற்கும். அதைத் தவிர்க்கத்தான் 'வேல்யூ' என்று ஒரு உறை கொடுத்திருக்கிறார்கள். மதிப்பை அதற்குள் போட்டுக் கொடுக்க வேண்டும். மறந்தால் பெயர் என்று எடுத்துக்கொள்ளப்படும்.

இதே வேலைக்கான இன்னொரு பைத்தான் நூலகமான எஸ்க்யூஎல்ஆல்கெமி இதைத் திருப்பிப் போட்டது. அங்கே நெடுவரிசை என்பது ஒரு பொருள். 'லோடு.ஊர்' என்று நடுவே புள்ளி வைத்து, கையால் தொட்டுக் காட்ட வேண்டும். ஒப்பீட்டிலோ ஃபங்ஷனுக்குள்ளோ வெறும் சரத்தைக் கொடுத்தால் அது மதிப்புதான், வினவலின் வாசகத்தோடு கலக்காமல் பாராமீட்டராகத் தனியே போய்விடும். என் ஓட்டு இதற்குத்தான். பெயரை எழுதுபவர் நிரலர். மதிப்பு எங்கிருந்து வேண்டுமானாலும் வரும், கவுண்டரில் தட்டச்சு செய்பவர் விரலிலிருந்தும் வரும். வெளியிலிருந்து வருவதற்கு உறை போட மறந்தாலும் கெடுதல் வராதபடி இடைமுகம் இருக்க வேண்டும். மதிப்பு போல வந்து கட்டளையாக ஓடிவிடும் தாக்குதலான எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் பற்றி எல்லோரும் படித்திருப்பீர்கள், அதனால் அதற்குள் போகவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பாராமீட்டராக மதிப்பைத்தான் அனுப்பலாம், பெயரை அனுப்ப முடியாது. எதை வைத்து வரிசைப்படுத்துவது என்று சொல்லும் 'ஆர்டர் பை' இடத்தில், பாராமீட்டருக்கான ஒரு கேள்விக்குறி வைத்து 'எடை' என்று அனுப்பிப் பாருங்கள். தரவுத்தளம் அதை ஒரு மாறாத சொல்லாக எடுத்துக்கொள்ளும். எல்லா வரிக்கும் அதே சொல் என்பதால் எதுவும் வரிசைப்படாது, பல தரவுத்தளங்களில் பிழையும் வராது. பெயருக்குத் தனி வகை, மதிப்புக்குத் தனி வகை என்று வைத்தால் இடைமுகமே இதைத் தடுத்துவிடலாம்.

அப்புறம் மதிப்பின் வகை. விலையை மிதவை எண்ணாகக் கொடுக்காதீர்கள், 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் பைத்தானில் 0.3 வராது என்பது உங்களுக்குத் தெரியும், தசம எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளும் டெசிமல் வகையைப் போடுங்கள். நேரம்தான் அதைவிட வம்பு. அதிகாலை 3 மணிக்கு மில் வாசலில் ஒரு லோடு இறங்குகிறது. யுடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில் அது முந்தைய நாள் இரவு 9.30. 'இன்றைய லோடு' என்று கேட்டால் அந்த வண்டி வருமா வராதா? வெறும் தேதியை மட்டும் வாங்கிக்கொள்ளும் இடைமுகத்தால் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. எந்த ஊர் நேரம் என்பதையும் மதிப்போடு சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னும் பாயிண்ட் பார்க்காத லோடு இருக்கும். அங்கே பூஜ்யம் போடக் கூடாது, மதிப்பு இன்னும் இல்லை என்பதைக் குறிக்கும் 'நல்' போட வேண்டும். போட்டபின் என்ன ஆகிறது? 25-க்குக் கீழே என்று கேட்டால் அந்த லோடு வராது. 25-ம் அதற்கு மேலும் என்று கேட்டாலும் வராது. இரண்டையும் கூட்டி மொத்தக் கணக்கு என்று மேலாளரிடம் நீட்டினால், வாசலில் நிற்கும் வண்டி கணக்கில் இருக்காது. எஸ்க்யூஎல்லில் உண்மை, பொய், தெரியாது என்று மூன்று விடை உண்டு. நிபந்தனையை எழுதும் 'வேர்' பகுதி உண்மையை மட்டுமே உள்ளே விடும்; 'நல்'லை 25-ஓடு ஒப்பிட்டால் விடை 'தெரியாது'.

'நல்'லுக்குப் பைத்தானில் உள்ள இணையான 'நன்' மதிப்பாக வந்தால் இடைமுகம் என்ன செய்யலாம்? சமமா என்று கேட்டால், ஜாங்கோவும் ஆல்கெமியும் அதை 'நல்தானா' என்று கேட்கும் 'இஸ் நல்' ஆக மாற்றிக்கொள்கின்றன. விட சிறியதா என்று கேட்டால் ஜாங்கோ மறுத்துவிடுகிறது, பிழை எறிகிறது. எனக்கு அந்த முரட்டுத்தனம் பிடித்திருக்கிறது. காலியான திரையைப் பார்த்து லோடே வரவில்லை என்று ஒருவர் நம்பிவிடுவதைவிட அது மேல்.

பிழையை எப்போது எறிவது என்பதும் வடிவமைப்புதான். ஜாங்கோவில் வினவல் எழுதிய வரியில் ஓடாது, அதன் விடை தேவைப்படும் இடத்தில்தான் ஓடும். வகை பொருந்தாத மதிப்பைத் தரவுத்தளம் போய்க் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால், பிழை, பக்கத்தை அமைக்கும் வார்ப்புருக் கோப்பில் ஏதோ ஒரு வரியைக் காட்டும். தப்பு செய்தது வேறு கோப்பில் இருக்கும். மதிப்பை உறைக்குள் போடும் வரியிலேயே வகையைச் சரிபார்த்துப் பிழையை எறிந்தால், தேட வேண்டிய இடம் அந்த ஒரு வரிதான்.